தூக்குக் கயிறு போதும், தவணையைக் கேட்போம்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்து உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்காவது ஒரு பெண் பிள்ளைக்குக் கொடுமை நடந்த செய்தி வந்தால் நம்மவர் முகநூலில் முதலில் எழும்புவது "தூக்கில் போடு" என்ற சத்தம்தான். பிள்ளையின் படத்தைப் போடுகிறார்கள், பெயரைப் போடுகிறார்கள், படித்த பாடசாலையையும் போடுகிறார்கள். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடும். இந்த நாட்டில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை. நடக்காத ஒன்றை நாம் கேட்டுக்கொண்டிருந்தால் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு என்ன நட்டம்? அவர்களும் நம்மோடு சேர்ந்து சத்தம் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

தண்டனை புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வல்லுறவுக்கு உட்படுத்தினால் 10 முதல் 20 வருடம் சிறை என்று எழுதினார்கள். 2008இல் உயர் நீதிமன்றம், அந்தக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டாது என்றது. அதன் பிறகு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் நம் மலையகத்தில் பெரும் பிரச்சினை தீர்ப்பு நாளில் இல்லை. லயத்துக் காம்பராவிலிருந்து தீர்ப்பு நாள் வரைக்கும் உள்ள பாதையில்தான் இருக்கிறது.

அந்தப் பாதையை ஒரு தடவை நடந்து பாருங்கள். தாய் கொழுந்து பறிக்கும் பெண். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போக வேண்டும். அன்றைய பேர் போச்சு. அங்கே தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இல்லாவிட்டால், பிள்ளை சொன்னதை வேறு யாரோ மொழிபெயர்க்க, அதை இன்னொருவர் சிங்களத்தில் எழுத, தாய் வாசிக்க முடியாத தாளில் கையொப்பம் வைப்பாள். அடுத்தது சட்ட வைத்திய அதிகாரி. மாதிரிகள் பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கோவை கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து குற்றப்பத்திரம் வந்தால்தான் மேல் நீதிமன்றத்தில் விளக்கம். ஒவ்வொரு தவணைக்கும் பஸ் காசு, ஒரு நாள் பேர். சாட்சி வேலைக்குக் கொழும்புக்குப் போய்விடுவார். 13 வயதில் முறைப்பாடு செய்த பிள்ளை 20 வயதில் சாட்சிக் கூண்டில் ஏறினால், கல்யாணம் பேசுகிற வீட்டில் யார் அவளை அனுப்புவார்கள்? குற்றம் செய்தவனுக்கு நல்ல சட்டத்தரணி கூடத் தேவையில்லை. காத்திருந்தால் போதும்.

வேகமாக நடக்காதா என்றால், நடந்திருக்கிறது. புங்குடுதீவு மாணவி 2015 மே மாதம் கொல்லப்பட்டாள். ட்ரயல் அட் பார் முறையில் விசாரித்து 2017 செப்டெம்பர் 27இல் 7 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். கொட்டதெனியாவைச் சிறுமி கொல்லப்பட்டது 2015 செப்டெம்பர். 2016 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நாடே தெருவுக்கு வந்ததால் கோவைகள் அசைந்தன. ஆனால் அதே கொட்டதெனியாவையில் முதலில் பிடிபட்டவர்களில் ஒரு பாடசாலை மாணவனும் இருந்தான். குற்றத்தோடு சம்பந்தம் இல்லை என்று பிறகு விடுவிக்கப்பட்டான். கூச்சலுக்குப் பயந்து ஓடுகிற பொலிஸ் யாரையாவது பிடித்துக் காட்டும். நமக்கு வேண்டியது அந்த வேகம் இல்லை. போஸ்டர் ஒட்டப்படாத பிள்ளையின் கோவையும் தன்பாட்டில் நகர வேண்டும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். டயகமச் சிறுமியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொழும்பில் ஒரு முன்னாள் அமைச்சரின் வீட்டில் வேலைக்கு நின்ற 16 வயதுப் பிள்ளை. 2021 ஜூலை 3ஆம் திகதி எரிகாயங்களுடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 15ஆம் திகதி இறந்தாள். அடக்கம் செய்த உடலை ஜூலை 30ஆம் திகதி திரும்பத் தோண்டி, இரண்டாவது பிரேதப் பரிசோதனைக்குப் பேராதனைக்குக் கொண்டுபோனார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், முகநூல் இல்லை. ஆனால் அந்த நாட்களில் நம் இரண்டு பக்கத்திலும் எழுதப்பட்டதை யோசித்துப் பாருங்கள். முஸ்லிம்களில் சிலர் "இது நம் தலைவருக்கு எதிரான சதி" என்று எழுதினார்கள். தமிழர்களில் சிலர் அதை முஸ்லிம்களைத் திட்டக் கிடைத்த சந்தர்ப்பமாக எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இடையில் பிள்ளை காணாமல் போனாள். ஆள் நம்மவர் என்று பார்த்துச் சாட்சியை மறைப்பது எந்த மார்க்கத்திலும் ஹலால் இல்லை. ஆள் அடுத்தவர் என்று பார்த்து மட்டும் நியாயம் கேட்பதும் நியாயம் இல்லை.

பெரிய வழக்குகளை விடுங்கள். தோட்டத்திலும் டவுனிலும் சத்தமில்லாமல் நடப்பது "பேசி முடித்தல்". தோட்டத்தில் தலைவர் பேசுவார். டவுனில் ட்ரஸ்டிமார் பேசுவார்கள். "பிள்ளையின் எதிர்காலம்", "குடும்ப மானம்", "இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள்" என்பார்கள். கொஞ்சக் காசு கைமாறும். சில இடத்தில் செய்தவனுக்கே பிள்ளையைக் கட்டிவைக்கப் பார்ப்பார்கள். நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். வல்லுறவு இணக்கமாக முடிக்கக்கூடிய குற்றம் இல்லை. தலைவருக்கோ, மவ்லவிக்கோ, பொலிஸ் பொறுப்பதிகாரிக்கோ அதைப் பேசி முடிக்கும் அதிகாரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை.

அடி வாங்கும் மனைவிமாரின் கதையும் இதேதான். "புருஷன் பெண்சாதி சண்டை, போய்ச் சமாதானமாக இருங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரித்தபின் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கொடுக்கலாம். அந்தப் பெண்ணுக்காகப் பொலிஸாரே மனுச் செய்யலாம். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

நம் முஸ்லிம் சமூகத்துக்குத் தனியாக ஒன்று. 1951இன் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் சொல்லவில்லை. தண்டனைச் சட்டக்கோவையும் 16 வயது என்ற பாதுகாப்பைச் சொல்லிவிட்டு, 12 வயது தாண்டிய மனைவி என்றால் கையை விரிக்கிறது. அதனால் பாதிக்கப்படுவது நம் பிள்ளைகள் மட்டும்தான். 2009இல் நியமித்த சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைக் கொடுக்க 2018 ஆனது. அதற்குப் பிறகும் இழுபறிதான். அடுத்த சமூகத்திடம் நியாயம் கேட்கப் போகும் முன் நம் வாசலையும் கூட்டுவோம்.

அப்படியென்றால் என்ன கேட்பது? தூக்குக் கயிற்றை விட்டுவிட்டு இவற்றைக் கேட்போம்.

ஒன்று: மலையகத்தின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவிலும் பகலிலும் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி. இது சலுகை இல்லை.

இரண்டு: பிள்ளையின் வாக்குமூலத்தை ஒரே தடவையில் ஒளிப்பதிவு செய்வது. 1999இன் 32ஆம் இலக்கச் சாட்சிச் சட்டம் அதற்கு இடம் கொடுத்து 25 வருடம் தாண்டிவிட்டது. இன்னும் ஏன் பிள்ளை ஒவ்வொரு மேசையிலும் அதே கதையைச் சொல்ல வேண்டும்?

மூன்று: 2023இன் 10ஆம் இலக்கப் பாதுகாப்புச் சட்டப்படி, வேறு இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லும் வசதியை நம் நீதிமன்றங்களிலும் உண்மையாக நடைமுறைப்படுத்துவது. குற்றவாளியின் ஆட்களோடு ஒரே பஸ்ஸில் பிள்ளை ஏன் போக வேண்டும்?

நான்கு: சிறுவர் வழக்குகளுக்கு முன்னுரிமைத் தவணை. நம் நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை கோவைகள் எத்தனை வருடமாகக் கிடக்கின்றன என்று பாராளுமன்றத்தில் கேட்டுப் பதிலை நமக்குச் சொல்லட்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடமும் இதையே கேளுங்கள்.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தையும் பெயரையும் பகிராதீர்கள். விளங்காத மொழியில் எழுதிய முறைப்பாட்டில் கையொப்பம் வைக்காதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். உடுப்பைக் கழுவாமல், பிள்ளையைக் குளிப்பாட்டாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தவணை நாளில் அந்தத் தாயோடு இரண்டு பேர் கூடப் போங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள், பிள்ளை திடீரென்று பாடசாலைக்கு வராமல் விட்டால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவதோடு நிற்காமல், காரணம் தேடி லயத்துக்குப் போக வேண்டும்.

சிறுவர்களுக்கு 1929. பெண்களுக்கு 1938. இந்த இரண்டு இலக்கங்களையும் தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலும், பள்ளிவாசல் பலகையிலும், கோயில் சுவரிலும், கடை வாசலிலும் எழுதிப் போடுங்கள்.

அடுத்த தடவை ஒருவர் "பேசி முடிப்போம்" என்று வந்து உட்கார்ந்தால் தேத்தண்ணீர் கொடுங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: "முறைப்பாட்டு இலக்கம் என்ன?"