மெய் தளர்ந்தாரை அறிதல்

நோயுற்றாரிடம் இரக்கம் காட்டுதல் நல்லோர் இயல்பு. ஆயினும், நோயின் தன்மையை அறியாது காட்டும் இரக்கம், சில வேளைகளில் நோயினும் மிகுந்த துன்பம் தருவதாகும். இயக்க நரம்பணு நோய் என்னும் அரிய பிணியால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

கையை நீட்ட எண்ணியவுடன் கை நீளுகின்றது. இஃது எவ்வாறு நிகழ்கின்றது? மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்கள், மனத்தின் ஆணையைத் தசைகளுக்குக் கொண்டு செல்கின்றன. இந்நோயில் அவ்வணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. ஆணை பெறாத தசை, நீர் பெறாத பயிர்போல் மெலிகின்றது. விரல்கள் சோர்கின்றன, நடை தடுமாறுகின்றது, பேச்சுக் குழறுகின்றது, விழுங்குதலும் மூச்சு விடுதலும் அரிதாகின்றன. எனினும், கண் காண்கின்றது, செவி கேட்கின்றது. சிலருக்குச் சிந்தனையிலும் மாறுதல் நேர்வதுண்டு. பலருக்கோ அறிவு தெளிவாகவே விளங்குகின்றது.

பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்க்கோ என்பார் இந்நோயை ஆராய்ந்து, 1874ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். இதனை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் காணப்படவில்லை. நோய் கண்டபின் பலர் சில ஆண்டுகளே வாழ்கின்றனர். இது தொற்றுநோய் அன்று. ஆதலின், நோயாளரை விட்டு விலகுதல் அறியாமையே ஆகும்.

ஆங்கில நாட்டு அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963ஆம் ஆண்டில், 21ஆம் வயதில், இந்நோய் இருப்பது தெரிந்தது. ஈராண்டுகளே வாழ்வார் என மருத்துவர் கருதினர். அவரோ, மிக அரிதாக, 76 வயது வரை வாழ்ந்து 2018ஆம் ஆண்டில் மறைந்தார். 1985ஆம் ஆண்டில் மூச்சுக்குழாயில் செய்த அறுவையால் அவரது பேச்சு முற்றும் ஒழிந்தது. பின்னர்க் கணிப்பொறியின் குரலால் பேசினார். கையும் ஓய்ந்தபின், கன்னத் தசையின் அசைவே அவருக்கு எழுதுகோலாயிற்று. ஒரு விடை கூற அவருக்குப் பல நிமிடங்கள் ஆனதுண்டு. கேட்டோர் பொறுத்திருந்தனர், உலகம் பயன்பெற்றது.

அப்பொறுமை பேரறிஞர்க்கு மட்டுமோ உரியது? நோயாளர் எதிரே இருக்க, அவர் விருப்பத்தைப் பிறரிடம் வினவுதல் முறையன்று. அவரைக் குழந்தைபோல் நடத்துதலும், அவர் தொடங்கிய சொல்லைத் தாமே முடித்தலும் தகா. அவரிடமே வினவுதல் வேண்டும்; விடை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். நரம்பணு அழிவதைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை; ஆயின், ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டிருக்கும் ஆற்றல் நம் எல்லாரிடமும் உண்டு. அறிஞர் என்பதற்காகப் பொறுத்த உலகம், அண்டை வீட்டார் என்பதற்காகவும் பொறுத்தல் வேண்டாவோ?