பெட்டிக்கு அரை மணி நேரம், ஆளுக்கு?

மாண்புமிகு மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

போர்ட் பிளேர் ஷாதிபூரிலிருந்து எழுதுகிறேன். (2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள், எங்கள் வாயில் இன்னும் பழையதுதான் வருகிறது.) என் தம்பி இங்குள்ள விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் லோடர். ஒப்பந்த வேலை. எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன். நாளைக்கும் அவனுக்கு வேலை வேண்டும். ஆள் போதவில்லை என்று கொடுத்த மனுக்களுக்கெல்லாம் 'மேலே அனுப்பியாச்சு' என்றுதான் பதில். மேலே இருப்பது நீங்கள்தானே? அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

சட்டதிட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2021 டிசம்பர். மும்பை. தனியார் விமானம் ஒன்றில் பெட்டிகளை அடுக்கி முடித்த லோடர், அந்தச் சரக்கு அறையிலேயே பெட்டிகளுக்குப் பின்னால் தூங்கிப்போனார். கதவைச் சாத்திவிட்டார்கள். விமானம் மேலே எழும்பியபோதுதான் விழித்தார். அபுதாபியில் உயிரோடு இறங்கினார். மருத்துவப் பரிசோதனை செய்து, பயணியாக உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். வேடிக்கைச் செய்தி என்று நாடே பகிர்ந்தது. சம்பந்தப்பட்ட ஊழியர்களைப் பணியிலிருந்து ஒதுக்கிவைத்து விசாரணை என்றார்கள்.

அந்த மனிதர் அதற்கு முன் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார், அமைச்சரே? கேட்டீர்களா?

விமானத்தின் சரக்கு அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டிபோட்டுத்தான் வேலை. தம்பியின் இரண்டு முழங்காலும் கறுத்துக் காய்ப்பேறிக் கிடக்கின்றன. 180 பயணிகள், தலைக்கு 15 கிலோ என்றாலே 2,700 கிலோ. இறக்கிய கையோடு அதே அளவை ஏற்ற வேண்டும். சென்னையிலிருந்து திரும்பும் எங்கள் தீவுக்காரர்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடுதான் வருவார்கள். பிடிக்கக் கைப்பிடிகூட இருக்காது. கடற்படையோடு பகிர்ந்துகொள்ளும் ஓடுபாதை என்பதால் விமானங்கள் பெரும்பாலும் பகல் வேளையில் அடுத்தடுத்து வந்து குவிகின்றன. இரண்டு பேர் வராவிட்டால் மிச்சமிருப்பவர்கள்தான் இழுக்க வேண்டும். அதன்மேல் டபுள் டூட்டி.

உங்கள் அமைச்சகத்துக்கு அக்கறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் உங்கள் விமானப் பாதுகாப்புப் பணியகம் ஏழு விமான நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியதே: விமானம் தரையிறங்கிய 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் பயணியின் கைக்கு வந்தாக வேண்டுமாம். ஆறு பெரிய நிலையங்களில் பெட்டி வரும் நேரத்தைக் கண்காணிக்கவும் செய்தார்கள். பெட்டிக்குக் கடிகாரம் பார்த்தவர்களுக்கு, அதைத் தூக்குகிறவன் கடைசியாக எப்போது உட்கார்ந்தான் என்று பார்க்கத் தோன்றவில்லை. பெட்டி தாமதமானால் பயணி எக்ஸ் தளத்தில் திட்டுவார். லோடரின் முதுகு போனால் யார் திட்டப்போகிறார்கள்?

710 கோடி ரூபாயில் இங்கே சிப்பி வடிவில் முனையம் கட்டி 2023 ஜூலையில் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. மே மாத மதியம் ஒருநாள் வாருங்கள். சிவப்புக் கம்பளம் வேண்டாம். முழங்கால் உறை மட்டும் கொண்டுவாருங்கள், இங்கே எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஒரே ஒரு விமானத்துக்கு அடுக்கிப் பாருங்கள். ஏசி அறையில் உட்கார்ந்து 'மனிதவள மேம்பாடு' பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விமானத்துக்குக் குறைந்தது எத்தனை ஆள், ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மணி நேர ஓய்வு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த சுற்றுலா சீசன் தொடங்கும் முன்பே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லோடரின் அண்ணன்,
ஷாதிபூர்