கை நழுவிய பெயர்களும் களத்தில் நின்றவர்களும்

2023 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியாவிலிருந்து டொராண்டோவுக்குப் பறந்த ஒரு தனி விமானத்தை ஆயிரக்கணக்கான பேஸ்பால் ரசிகர்கள் கணினித் திரையில் பின்தொடர்ந்தார்கள். உள்ளே ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஓஹ்தானி இருக்கிறார், டொராண்டோ புளூ ஜேஸ் அணியில் சேரத்தான் வருகிறார் என்று பேச்சு. செய்தியாளர் ஒருவரும் அப்படியே எழுதிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். இறங்கியவர் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்ற கனடியத் தொழிலதிபர். மறுநாளே ஓஹ்தானி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு 10 ஆண்டுகள், 70 கோடி டாலர் என்று சம்மதம் சொல்லிவிட்டார்.

மேஜர் லீக் பேஸ்பாலில் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் பிற்பகுதி வரை சீசன் ஆட்டம் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் புது அணி தேடும் காலம் அது. கனடா முழுவதற்கும் இருக்கும் ஒரே மேஜர் லீக் அணி புளூ ஜேஸ். டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கும் அது ஊர் அணி. ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில் பேச்சுதான் ரசிகனுக்கு உணவு. அதில் தவறே இல்லை. ஆனால் எந்தப் பெரிய பெயர் வரவில்லை என்பதை வைத்தே நிர்வாகத்துக்கும் அணிக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்களே, அந்தப் பழக்கம் தவறு. 2024 டிசம்பரில் நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோ 76.5 கோடி டாலருக்கு நியூயார்க் மெட்ஸுக்குப் போனார். அடுத்த மாதம் ஜப்பானியப் பந்துவீச்சாளர் ரோக்கி சசாகியும் டாட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தார். இருவருக்காகவும் டொராண்டோ கடைசிவரை போட்டியிட்டது. 2024 சீசனில் 74 வெற்றி, 88 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி இடத்தில் முடித்திருந்த அணி அது. இந்த நிர்வாகத்தால் யாரையும் கொண்டுவர முடியாது என்று ரசிகர்கள் கொதித்தது புரிந்துகொள்ளக் கூடியதே.

சசாகிக்குக் கூடுதல் ஊக்கத்தொகை தருவதற்காக, கிளீவ்லண்ட் அணியிடமிருந்து 20 லட்சம் டாலர் ஒதுக்கீட்டை டொராண்டோ வாங்கியது. அதோடு மைல்ஸ் ஸ்ட்ரா என்ற வீரரையும் அவருடைய சம்பளச் சுமையையும் ஏற்க வேண்டியிருந்தது. சசாகி வரவில்லை, ஸ்ட்ரா மட்டும் வந்தார். அந்தக் குளிர்காலத்தில் அதிகம் கேலிக்குள்ளான பேரம் இதுதான். ஆனால் 2025-இல் ஸ்ட்ரா வெளிக்களத்தில் நம்பகமான தடுப்பாளராக நின்றார். அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்து, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போனது. அந்தப் பயணத்தில் அணியைத் தூக்கிச் சுமந்தவர்கள் யார்? ஓக்லண்ட் அணி விடுவித்த எர்னி கிளெமென்ட், அந்த அக்டோபரில் தொடங்கி நவம்பர் 1 வரை ஆடிய பின்பருவ (பிளேஆஃப்) ஆட்டங்களில் 30 ஹிட் அடித்து, ஒரே பின்பருவத்தில் யாரும் தொடாத எண்ணிக்கையைத் தொட்டார். சீசனைக் கீழ்மட்டக் கிளை அணியில் தொடங்கிய 22 வயது ட்ரே யெசாவேஜ், உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் மட்டையாளர்களை 12 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். முதல் ஆட்டத்தில் மாற்று மட்டையாளராக வந்த அடிசன் பார்கர், நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் மாற்று மட்டையாளர் ஒருவர் அப்படி அடித்தது அதுவே முதல்முறை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கோப்பையை வென்றது டாட்ஜர்ஸ்தானே? தொடரின் சிறந்த வீரர் யோஷினொபு யமமோட்டோ, அவர்கள் 2023 குளிர்காலத்தில் 32.5 கோடி டாலர் கொடுத்துக் கொண்டுவந்தவர்தானே? உண்மைதான். பெரிய வீரருக்குப் பெரிய மதிப்பு உண்டு என்பதை மறுக்கும் துணிவு எனக்கில்லை. ஆனால் நவம்பர் 1 அன்று டொராண்டோவில் நடந்த அந்த ஏழாவது ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பந்துவீச வந்த ஓஹ்தானியை மூன்று ரன் ஹோம் ரன்னால் தாக்கியவர், டொராண்டோவே வளர்த்தெடுத்த போ பிஷெட். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து டாட்ஜர்ஸைத் தோல்வியிலிருந்து மீட்டவரோ, மட்டை வரிசையின் கடைசியில் நின்ற 36 வயது மிகேல் ரோஹாஸ். பணத்தைக் கொட்டிய அணியும் அந்தக் கணத்தில் பெரிய பேரம் எதிலும் பேசப்படாத ஒருவரைத்தான் நம்பியிருந்தது.

டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கும் ரசிகர் கேள்வி கேட்காவிட்டால், உரிமையாளர்கள் பணப்பையை இறுக்கிக்கொள்வார்கள் என்பார்கள். கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். அணியின் நட்சத்திர மட்டையாளர் விளாடிமிர் கெரேரோ ஜூனியரைத் தக்கவைக்கச் சொல்லி அவர்கள் எழுப்பிய குரல் நியாயமானது. அவர் விதித்த கெடு 2025 பிப்ரவரியில் முடிந்தபோது, இவரும் போய்விட்டார் என்றே பலர் முடிவுகட்டினார்கள். ஏப்ரலில் 14 ஆண்டுகள், 50 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கேள்விக்கு டிசம்பர் பொருத்தமான மாதம், தீர்ப்புக்கு அல்ல. அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு பெரிய பெயர் கை நழுவும்போது, கிளை அணிகளில் யார் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். தீர்ப்பை அக்டோபர் வரை ஒத்திவையுங்கள்.