வாசலுக்குள் ஒரு பந்தி



வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஒரு கட்டளை இருந்தது. மாட்டையோ ஆட்டையோ கொல்லுகிறவன் அதை ஆசரிப்புக் கூடார வாசலுக்குக் கொண்டுவந்து கர்த்தருக்குப் படைக்க வேண்டும். தவறினால் அவன்மேல் இரத்தப்பழி சுமரும் (லேவியராகமம் 17). கானானுக்குள் பிரவேசிக்கும் தறுவாயில் உபாகமம் 12-ஆம் அதிகாரம் அதைத் தளர்த்துகிறது. கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஸ்தலம் தூரமாயிருந்தால், அவரவர் தங்கள் ஊரிலேயே ஆடுமாடுகளை அடித்துப் புசிக்கலாம். பலிபீடமும் வேண்டாம், ஆசாரியனும் வேண்டாம்.

இந்த அனுமதியில் நாம் கவனியாமல் கடந்துபோகிற ஒன்று உண்டு. தீட்டுப்பட்டவனும் தீட்டில்லாதவனும் அந்த இறைச்சியை மான்கறியைப்போலப் புசிக்கலாம். மான் பலிபீடத்துக்கு உரியதல்ல; ஆகையால் அதை எவரும் உண்ணலாம். வீட்டில் அடித்த ஆடும் இனி அப்படியே. சமாதான பலியின் மாம்சத்தைத் தீட்டோடு புசித்தவனோ தன் ஜனத்தினின்று அறுப்புண்டு போவான் (லேவியராகமம் 7:20).

அப்படியானால் வீட்டு உணவு தேவனுக்குப் புறம்பானதா? அல்ல. இரத்தத்தைப் புசியாமல் தண்ணீரைப்போல் தரையில் ஊற்றிவிட வேண்டும். இரத்தமே உயிர், உயிர் கர்த்தருடையது. தசமபாகத்தையும் தலையீற்றையும் ஊர்வாசலுக்குள் புசிக்கவும் கூடாது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், பலியல்லாத இறைச்சியைப் பற்றிய ‘ஹுல்லின்’ என்னும் நூல், பரிசுத்தமானவைகளுக்குரிய பிரிவிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இறைச்சியை உப்பிட்டு இரத்தத்தை வடிக்கும் வழக்கம் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூத வீடுகளில் இன்றும் உண்டு.

என் கருத்து இதுவே: நியாயப்பிரமாணம் பலிபீடத்தைச் சுற்றி எல்லை வகுத்தது, வீட்டுப் பந்தியையோ அகலத் திறந்துவிட்டது. நம்மில் அநேகர் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். வீட்டிலோ சாதி பார்த்து இலை போடுகிறோம். ஆலயத்தில் ஒன்றாயிருப்பது போதும் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். அது போதாது. நம் ஆண்டவர் பாவிகளோடு பந்தியிருந்தது வீடுகளில் அல்லவா? அந்தியோகியாவிலே பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது, பவுல் அதைச் சில்லறைக் காரியமாக எண்ணவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே அங்கே கேள்விக்குள்ளானது என்று கண்டு முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2).

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் இதுவரை கைநனைக்காத ஒரு சபைக் குடும்பத்தைச் சாப்பிட அழையுங்கள். அவர்கள் வீட்டிலும் சென்று புசியுங்கள்.

கர்த்தர் உங்கள் வாசல்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.