போதிதர்மர் டிக்கெட் எடுத்துத் தரமாட்டார்

ஜப்பானுக்குப் போகிறேன் என்று சொன்னதும் மாமா கேட்ட முதல் கேள்வி எவ்வளவு செலவாகும் என்பதில்லை.

"ஏம்மா, அவனுக்குக் கத்துக் குடுத்ததே நாமதான? குடுத்ததப் போயி காசு குடுத்துத் திரும்ப வாங்கிட்டு வரப்போறியா?"

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டு வாசல், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்ததற்கான பரிகாரம்தான் இந்தக் கட்டுரை.

என் திட்டம் பெரிய ரகசியமில்லை. பதினோரு வயதிலிருந்து கோஜு-ரியு கராத்தே பழகுகிறேன். அது பிறந்த இடம் ஒகினாவா தீவின் நாஹா நகரம். அங்கே ஒரு டோஜோவில் மூன்று மாதம் பழக வேண்டும். குறுகிய கால விசாவில் 90 நாள்தான் தங்கலாம், அதனால் மூன்று மாதம். நான்கு வருடச் சம்பளத்தில் கட்டிய ஆர்.டி. முதிர்ந்துவிட்டது. வரச் சொல்லி டோஜோவிலிருந்து பதிலும் வந்துவிட்டது. இந்தக் காசுக்கு நகை வாங்கியிருக்கலாம் என்று அத்தை சொன்னதைக்கூட நான் மதிக்கிறேன், அது நேர்மையான கணக்கு. மாமா சொன்னதைத்தான் மதிக்க முடியவில்லை.

2011-ல் 'ஏழாம் அறிவு' வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. போதிதர்மராக சூர்யா சண்டை போட்டபோது தியேட்டரில் கைதட்டினவள்தான். பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு 6-ஆம் நூற்றாண்டில், லுவோயாங் நகரத்து மடாலயங்களைப் பற்றிய நூலில் வருகிறது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அடுத்து வரும் குறிப்பு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. சரி, நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டிலுமே அவர் யாருக்கும் அடிதடி சொல்லிக்கொடுத்ததாக ஒரு வரி இல்லை. அவரை உடற்பயிற்சியோடு முடிச்சுப்போடும் 'யிஜின் ஜிங்' என்ற நூல் எழுதப்பட்டது 17-ஆம் நூற்றாண்டில். ஆயிரம் வருடம் கழித்து வந்த கதை! அதைப் பொய்யென்று 1930-களிலேயே எடுத்துக்காட்டியவர் தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர்.

கதை பொய் என்பதோடு என் சண்டை முடியவில்லை. மெய்யாகவே இருந்தாலும் என்ன? உங்கள் கொள்ளுத்தாத்தா நல்ல நீச்சல்காரர் என்பதற்காகக் கிணறு உங்களை மிதக்கவிடுமா?

கராத்தேயின் வரலாறே வெளியூர் போய்க் கற்றுக்கொண்டவர்களின் வரலாறுதான். ஹிகாஓன்னா கன்ரியோ 1870-களில் ஒகினாவாவிலிருந்து கடல் கடந்து சீனாவின் ஃபூஜோவுக்குப் போனார். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் 1915-ல் அதே ஊருக்குப் போய்வந்தார், கோஜு-ரியுவை உருவாக்கியவர் அவர்தான். உயேச்சி கன்புன் 1897-ல் போனவர், பத்து வருடத்துக்கும் மேல் அங்கே தங்கிக் கற்றார். கற்றதை மறைக்கவுமில்லை. கராத்தே என்ற சொல்லை அன்று எழுதிய எழுத்துக்குச் 'சீனக் கை' என்றே பொருள். 1936-ல் நாஹாவில் கூடிய ஆசான்கள்தான் அதை 'வெறுங்கை' என்று எழுதலாம் என்று முடிவெடுத்தார்கள். ஜப்பானில் தேசப்பற்று கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. சீனாவின் பெயர் உறுத்தியிருக்கும். ஆக, அங்கேயும் நம்ம மாமாக்கள் இருந்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? நாம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஊரையே பாருங்கள். நெய்வேலி நிறுவனம் தொடங்கியது 1956-ல். சுரங்கத்தில் மண்ணை வெட்டிய ராட்சதச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 1962-ல் மின்சாரம் தந்த முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டியது. "தீயைக் கண்டுபிடிச்சதே நாமதான், ரஷ்யாக்காரன் எதுக்கு?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் மாமா வேலை பார்த்த பாய்லரே இருந்திருக்காது. சோறு போட்ட வேலை என்றால் வெளியாளிடம் கற்கலாம், வீரம் என்றால் மட்டும் கூடாதாம்.

இன்னொரு கேள்வி உண்டு. மாமா அதைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். "இங்க இருக்கற சிலம்பத்த நீ ஏன் கத்துக்கல?" என்பதுதான் அது.

எங்கள் தாத்தா கம்பு சுற்றுவார். அறுப்பு முடிந்த களத்துமேட்டில் இரவு நேரத்தில் வாத்தியார் வந்து சொல்லிக்கொடுப்பாராம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஷிப்ட் டூட்டி, படிப்பு, பிரமோஷன். ஒருவரும் கற்கவில்லை. தாத்தாவின் கம்பு எங்கள் வீட்டில் பல வருடம் ஒட்டடை அடிக்கப் பயன்பட்டது. எந்தச் சீனாக்காரனும் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. "எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்" என்று சொல்லிக்கொண்டே நாமே கைகழுவினோம். இந்தப் பெருமையில் எனக்கு ஆகாதது இதுதான். கற்றுக்கொடுத்த பரம்பரை என்று சொல்லிவிட்டால் கற்கவேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. முட்டி வலிக்காது, விடியற்காலையில் எழ வேண்டாம்.

போன வருடம் அந்தக் கம்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் ஒரு சிலம்ப ஆசானிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவர் வாயில் போதிதர்மர் வந்ததில்லை. "கால வை. இப்பிடி இல்ல, மறுபடி வை." அவ்வளவுதான் பேச்சு. பதினாறு வருடம் கராத்தே பழகிய என் காலுக்கு முதல் சுவடே மூன்று வாரம் பிடித்தது.

ஜப்பான் போவதை அவரிடம் சொல்லப் பயந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போய்ட்டு வாம்மா. அவுங்க கால எப்பிடி வெக்கிறாங்கன்னு நல்லா பாத்துட்டு வந்து எனக்குக் காமி" என்றார்.

எழுபது வயதிலும் அவருக்குக் கற்றுக்கொள்ள மிச்சம் இருக்கிறது. அதனால்தான் அவர் ஆசான்.

மாமா, நான் கிளம்ப இன்னும் ஐந்து ஞாயிறு இருக்கிறது. காலை ஐந்தரைக்கு பண்ருட்டி புறப்படுவேன். ஸ்கூட்டியில் பின்சீட் காலிதான், வாங்க.