எந்த வெள்ளை?

பல் சொத்தை என்று போய், "வெள்ளையாகவே அடைத்துவிடுங்கள் டாக்டர்" என்பவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எந்த வெள்ளை? பல் நிற அடைப்பில் முக்கியமாக இரண்டு ரகம்.

காம்போசிட் என்பது பிசினும் நுண்ணிய கண்ணாடித் தூளும் கலந்த பசை. அமெரிக்கரான ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிசின்தான் இதற்கு அடிப்படை. எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். ஒட்டும் பிசின் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பாதரசம் கலந்த வெள்ளி அடைப்புக்குப் போல நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியதில்லை. ஆனால், எச்சில் பட்டால் பிடிப்பு போயிற்று. பஞ்சோ ரப்பர் திரையோ வைத்து ஈரத்தைத் தடுத்து, சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளி காட்டி இறுக்க வேண்டும். என் கடைவாய்ப் பல்லை ஒருவர் காபி ஆறுவதற்குள் அடைத்து முடித்தார். வேகத்தை மெச்சினேன். வருடம் திரும்புமுன் அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை.

இன்னொன்று கிளாஸ் அயனோமர் சிமெண்ட். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கியது. பல்லோடு தானாகவே ஒட்டும். சிறிது சிறிதாக ஃப்ளோரைடும் வெளிவிடும். ஈறு ஓரத்து வேர்ப் பகுதிக்கும் குழந்தைகளின் பால் பற்களுக்கும் ஏற்றது. மெல்லும் அழுத்தத்தை அவ்வளவாகத் தாங்காது. பெரிய கடைவாய்க் குழியில் வைத்தால் தேய்ந்துவிடும்.

பல்லை வெளுக்கவைக்கும் எண்ணமிருந்தால் அடைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் வெளுத்தாலும் வைத்த அடைப்பு பழைய நிறத்திலேயே இருக்கும்.