நடுவர் ஊதியது ஃபவுலா, வயலேஷனா? கூடைப்பந்து பார்க்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய சொற்கள்

தருமபுரியிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ ஒரு பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து மேட்ச் நடந்தால், கூட்டத்திலிருந்து அதிகம் கேட்கும் சொல் ஒன்றுதான்: "ஃபவுல் சார்!" பந்து கோட்டுக்கு வெளியே போனாலும் ஃபவுல். பையன் ஒரு எட்டு கூடுதலாக வைத்தாலும் ஃபவுல். நேரம் முடிந்து விசில் ஊதினாலும் ஃபவுல். நடுவர் எதற்கு ஊதினார் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. ஆனால் ஊதியது தப்பு என்பது மட்டும் இருவருக்கும் உறுதியாகத் தெரியும்.

கிரிக்கெட்டில் இந்த நிலைமை இல்லை. எல்.பி.டபிள்யூ. ஒன்றும் எளிய விதி கிடையாது. ஆனாலும் பந்து எங்கே பிட்ச் ஆனது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பில் படுமா என்று டி.ஆர்.எஸ். திரையில் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து, டீக்கடையில் நிற்பவர்கூட 'அம்பயர்ஸ் கால்' என்று சரியாகச் சொல்லிவிடுகிறார். கபடியில் போனஸ், சூப்பர் டேக்கிள் எல்லாம் டிவி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன. கூடைப்பந்துக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் அமையவில்லை. சொல் இல்லாத இடத்தில் சத்தம்தான் மிஞ்சும்.

சத்தம் போட்டால் என்ன குறைஞ்சுபோச்சு என்று கேட்கலாம். குறையத்தான் செய்யும். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி அணிகள் மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவு வரை ஆடுகின்றன. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. எந்த அளவுப் போட்டியில் ஆடி வென்றார் என்பதை வைத்துத்தான் சான்றிதழுக்கு மதிப்பு. ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அந்தத் தாள் கல்லூரி இடமாகவும் வேலையாகவும் மாறலாம். ஒரு விசிலில் அது கைநழுவும் வாய்ப்பு இருக்கும்போது, அந்த விசிலுக்கு என்ன பொருள் என்று தெரிஞ்சுக்கிறது அவசியம்.

முதலில் கையைப் பாருங்க

விசில் சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் நடுவரின் கையில் இருக்கிறது. கையை மேலே தூக்கி விரல்களை மடக்கி முஷ்டி காட்டினால் ஃபவுல். விரல்களை விரித்து உள்ளங்கை காட்டினால் வயலேஷன். இந்த ஒன்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஃபவுல் என்றால் எதிராளி மீது விதிக்கு மாறாக உடல்பட்டது, அல்லது நடத்தை சரியில்லை. அது ஆட்டக்காரர் பேரில் எழுதப்படும். 5 ஆனால் அவர் வெளியே. ஒரு குவார்ட்டரில் அணியின் கணக்கு 4 ஆகிவிட்டால், அதற்குப் பிறகு தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ. கடைசி நிமிடங்களில் "சும்மா தொட்டதுக்கு ரெண்டு ஷாட்டா?" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

வயலேஷன் என்றால் பந்தையோ நேரத்தையோ கோட்டையோ கையாண்டதில் பிழை. யார் பேரிலும் ஏறாது; பந்து எதிரணிக்குப் போகும், அவ்வளவுதான். 3, 5, 8, 24 என்ற எண்கள் இந்த வகைதான். தாக்கும் அணிக்காரர் கூடைக்கு அடியில் உள்ள கட்டத்தில் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. வெளியிலிருந்து பந்தை உள்ளே போட 5 விநாடி. பாதி மைதானத்தைத் தாண்ட 8 விநாடி. கூடைக்கு எறிய 24 விநாடி. எறிந்து, பந்து ரிங்கில் பட்டுத் திரும்பி அதே அணியிடம் வந்தால் 14 விநாடி மட்டும் கிடைக்கும்.

சண்டை வரும் மூன்று இடங்கள்

முதலாவது டிராவலிங். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது, 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே இருக்கிறது. எத்தனை எட்டு என்பதில்தான் சிக்கல். 2017 முதல் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி தெளிவாகச் சொல்கிறது: ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் அடக்கும் நொடியில் தரையில் இருக்கும் கால் பூஜ்யம். அதற்குப் பிறகு இரண்டு எட்டு வைக்கலாம். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று எட்டு தெரியும். நடுவர் கணக்கில் இரண்டுதான். "மூணு ஸ்டெப் சார்!" என்று கத்துவதற்கு முன் பந்து எப்போது கைக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது சார்ஜிங், பிளாக்கிங். இருவர் மோதி ஒருவர் விழுகிறார். தாக்கியவர் தப்பா, தடுத்தவர் தப்பா? தடுப்பவர் அசையாமல் நின்றால்தான் சார்ஜ் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எதிராளியைப் பார்த்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி ஒருமுறை இடம் பிடித்துவிட்டால், பிறகு பக்கவாட்டிலும் பின்னாலும் அவர் நகரலாம். நெஞ்சில் வந்து மோதினால் தப்பு தாக்கியவர் மேல்தான். ஆனால் தாக்குபவர் எகிறிவிட்ட பிறகு குறுக்கே போய் நின்றால் அது பிளாக்கிங். அதே மாதிரி, தடுப்பவர் இருந்த இடத்திலேயே கையைத் தூக்கி நேர் மேலே குதித்தால், உடம்பு பட்டாலும் அவர் மேல் ஃபவுல் இல்லை. அவரைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு உருளை இருப்பதாக விதி கருதுகிறது. அதற்குள் அவர் ராஜா.

மூன்றாவது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல். பெயரைக் கேட்டதும் கெட்ட வார்த்தை பேசினார் போல என்று நினைப்பார்கள். பந்தை ஆடும் முயற்சியே இல்லாமல் ஆளைப் பிடித்து இழுப்பதும் இதில் சேரும். தண்டனை 2 ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும் எதிரணிக்கே. பேச்சு, சைகை, நடிப்பு போன்ற நடத்தைக்குத் தருவது டெக்னிகல் ஃபவுல். நடுவர் இரு கைகளால் ஆங்கில 'டி' எழுத்து காட்டுவார். இந்த இரண்டு வகையும் சேர்ந்து ஒருவருக்கு 2 ஆனால் அவர் ஆட்டத்தை விட்டே வெளியே போக வேண்டும்.

போன்ல ஒரு விதி, மைதானத்துல ஒரு விதி

இன்றைய பிள்ளைகள் கூடைப்பந்தைக் கற்பது பெரும்பாலும் போனில்தான், பார்ப்பது என்.பி.ஏ. நம்ம ஊரில் ஆடுவதோ ஃபிபா விதிகளை ஒட்டி. இரண்டும் ஒன்று என்று நினைப்பதால் வரும் சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

என்.பி.ஏ.யில் குவார்ட்டர் 12 நிமிடம், 6 ஃபவுலுக்கு வெளியே; ஃபிபாவில் 10 நிமிடம், 5 ஃபவுல். தடுப்பவருக்கும் 3 விநாடி விதி உண்டு என்பது அங்கே, இங்கே கிடையாது. அங்கே பந்து ரிங்குக்கு நேர் மேலே இருக்கும்போது தொட்டால் குற்றம். இங்கே ரிங்கில் பட்டு எழும்பிய பந்தை யாரும் தட்டலாம். அங்கே ஆட்டக்காரரே டைம்அவுட் கேட்கலாம். இங்கே கோச் தரப்புதான் மேஜையில் கேட்கணும். அமெரிக்க கிளிப்பைக் காட்டி ஊர் நடுவரைக் குற்றம் சொல்வது, வேற பாடத்தின் விடைத்தாளை வைத்து மார்க் போடுவது மாதிரி.

கத்தினால் மாறாது, எழுதினால் மாறலாம்

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஃபிபா விதிப்படி, "அது ஃபவுலே இல்லை" என்று முறையீடு செய்ய முடியாது. அது நடுவரின் தீர்ப்பு. ஸ்கோர் எழுதியதில், கடிகாரத்தை இயக்கியதில் நேர்ந்து, திருத்தப்படாமல் போன பிழைக்கு முறையிடலாம். தகுதியில்லாத ஆள் ஆடினாலும் முறையிடலாம். ஆனால் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் கேப்டன் ஸ்கோர் ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டமும் கோச்சும் ஃபவுலுக்காக நடுவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, ஸ்கோர் ஷீட்டில் விடுபட்ட 2 பாயிண்டை யாரும் பார்க்காமல் அந்த 15 நிமிடம் போய்விடலாம்.

உலகின் மிகப் பெரிய கூடைப்பந்துத் தகராறும் ஃபவுல் பற்றியதல்ல, நேரம் பற்றியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கடைசி 3 விநாடிகள் திரும்பத் திரும்ப ஆடப்பட்டன. 1936 முதல் ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அமெரிக்கா, சோவியத் யூனியனிடம் 51-50 என்று தோற்றது. அதன் முறையீடு 3-2 என்ற வாக்கில் நிராகரிக்கப்பட்டது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

அப்படியானால் நடுவர் தப்பே செய்ய மாட்டாரா? செய்வார். பெரிய போட்டிகளில் ரீப்ளே இருக்கிறது. ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு நடுவர்களின் நான்கு கண்கள்தான் கேமரா. பெரும்பாலும் அவர்கள் காலையிலிருந்து வெயிலில் நின்று, அடுத்தடுத்து மேட்ச் ஊதும் உடற்கல்வி ஆசிரியர்கள். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினால், நாளை விசிலை எடுக்க ஆள் வராது. அதற்காக வாயை மூடிக்கொண்டு பார்க்கணும் என்பதும் இல்லை. "கண்ணு தெரியலையா?" என்று கேட்டால் எந்த நடுவரும் எதையும் யோசிக்க மாட்டார். "அவர் எகிறின பிறகுதானே சார் குறுக்கே வந்தாங்க?" என்று கேப்டன் பணிவாகக் கேட்டால், நடுவர் அடுத்த தடவை அந்தக் காலைக் கவனிப்பார்.

போட்டி நடத்துபவர்களுக்கும் வேலை இருக்கிறது. பரிசளிப்புக்கு மைக் பிடிக்கும் கையே, ஒவ்வொரு விசிலுக்கும் "டிராவலிங், பந்து எதிரணிக்கு", "சார்ஜிங், தாக்கியவர் மேல் ஃபவுல்" என்று தமிழில் ஒரு வரி சொல்லலாம். இதற்குத் தனியாகச் செலவு எதுவும் இல்லை. ஒரு சீசன் அப்படிச் சொன்னால் போதும், கூட்டத்துக்குச் சொற்கள் பழகிவிடும். பார்க்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: விசில் கேட்டதும் பந்தைப் பார்க்காமல் நடுவரின் கையைப் பாருங்கள். முஷ்டியா, உள்ளங்கையா என்று தெரிந்த பிறகு கத்தலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணிக்கலாம்.